முள்ளங்கி இலை வெளியே தெரியட்டும்

தளி ரோட்டுத் தோட்டத்து மூலையில் காலை நீட்டிப் படுத்திருக்கும் என் ராஜம்மா அக்காவுக்கு,

உன் கூடப் பிறக்காத தங்கச்சி புவனா எழுதுகிறேன். நல்லா இருக்கியா என்று கேட்டால் திட்டுவாய், அதனால் கேட்கவில்லை. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நம்ம ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் உன்னைப் பற்றி ஆளுக்கு ரெண்டு வார்த்தை பேசலாம் என்றார்கள். எனக்கு மைக்கைப் பிடித்துப் பேச வராது. அழுதுவிடுவேன். அழுதால் அந்த இசக்கி கிண்டல் பண்ணுவான். எழுதிக் கொண்டுவந்து படிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இது உனக்கு எழுதுகிற கடிதம்தான், ஆனால் எல்லார் காதிலும் விழும். விழட்டும்.

உன்னை நீ, வா, போ என்று எழுதுவதைக் கேட்டு யாராவது முகம் சுளித்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. "நீங்க வாங்கன்னு மரியாதை பேசறதா இருந்தா உன் வீட்ல தண்ணி கூடக் குடிக்க மாட்டேன்" என்று சொன்னது நீதான்.

நீ கேட்கப்போகிற முதல் கேள்வி எனக்குத் தெரியும். "ஏமே புவனா, என் பையனுக்கு யாருடி சொன்னாங்க? எப்படிச் சொன்னாங்க?" பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய். வேறு என்ன கேட்பாய்? நாகராஜுக்கு நான்தான் சொன்னேன் அக்கா. எப்படிச் சொன்னேன் என்பதை ஒன்று விடாமல் சொல்கிறேன். ஆனால் கொஞ்சம் பொறு. குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முள்ளங்கிக் கதை தெரியாது. அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

குழு ஆரம்பித்த புதுசில் அதற்கு ஒரு பேர் கூடக் கிடையாது. முனுசாமி அண்ணன் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, மூக்கண்டப்பள்ளி பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்றார். இசக்கி அதே கம்பெனியில் பிட்டர், திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். அவனுக்குப் பட்டாளத்தில் சொந்தக்காரர் யாரும் கிடையாது. லீவு நாளில் ரூமில் படுத்துக் கிடக்கப் பிடிக்காமல் வந்தேன் என்று அவனே சொல்வான். இப்படி ஷிப்ட் முடிந்த நாலைந்து பேர் சேர்ந்து, பட்டாளத்துக்காரர் வீடுகளுக்குப் போய்க் கை வேலை செய்து கொடுப்பார்கள். காற்றில் தூக்கிய கூரை ஷீட்டை இழுத்துக் கட்டுவது, குழாய் மாற்றுவது, வயசான பட்டாளத்துக்காரரைப் பஸ் ஏற்றிப் பெங்களூரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது. கேஸ் தீர்ந்து போய் நான் விறகு தேடிக்கொண்டிருந்த நாளில் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றவன் இசக்கி. என் வீட்டுக்காரர் செல்வம் அப்போது வடக்கே எல்லையில் இருந்தார். அன்றைக்கே நானும் குழுவில் சேர்ந்துவிட்டேன்.

அந்த ஆகஸ்டில் முனுசாமி அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. சுதந்திர தினத்தில் கொடி ஏற்றும்போது, பட்டாளத்துப் பிள்ளைகளைப் பெற்ற அம்மாக்களைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தலாம் என்றார். நல்ல யோசனைதானே? முதல் அழைப்பு உனக்கு. நேரில் போய் மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்று இசக்கி ஓசூர் மார்க்கெட்டுக்குப் போய் இந்தப் பெரிய ரோஜா மாலை வாங்கி வந்தான். நாலு ஆம்பளைகள், நாலு பேருக்கும் வெள்ளைச் சட்டை. குங்குமத் தட்டு பிடிக்க நான். பஸ்ஸை விட்டு இறங்கி உன் தோட்டத்து வரப்பில் நடந்தோம். பாதி வழியில் என் செருப்பு வார் அறுந்துவிட்டது. நான் உட்கார்ந்து ஊக்கு மாட்டிக்கொண்டிருந்தேன், அவர்கள் முன்னால் போய்விட்டார்கள்.

நீ முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து பார்த்தாய். உன் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்? ஒரே பிள்ளை எல்லையில் இருக்கிறான். வெள்ளைச் சட்டை போட்ட நாலு பேர், வாயைத் திறக்காமல், மாலையோடு உன்னைப் பார்த்து வருகிறார்கள்.

நீ கத்தவில்லை. அப்படியே பாத்தியில் உட்கார்ந்துவிட்டாய். அவர்கள் கிட்டே வந்ததும் "எப்புடு?" என்று மட்டும் கேட்டாய். எப்போது என்று. முனுசாமி அண்ணனுக்கு அந்த அளவுக்குத் தெலுங்கு தெரியும். விழாவைக் கேட்கிறாய் என்று நினைத்து, தலையைக் குனிந்து, "பதினஞ்சாம் தேதி காலையிலம்மா" என்றார். எங்கே என்று கேட்டாய். "பள்ளிக்கூட மைதானத்துல." நீ ரெண்டு கையாலும் மண்ணை அள்ளினாய். அப்போதுதான் நம்ம இசக்கி வாயைத் திறந்தான். "நீங்க வந்தாப் போதும்மா, வண்டி நாங்க அனுப்புதோம். கொடி ஏத்துன உடனே சால்வை, பொறவு டிபன்."

"டிபனா?" என்று தலையைத் தூக்கினாய்.

அதற்கப்புறம் நடந்ததை நான் வரப்பில் இருந்து பார்த்தேன். மண்ணோடு ஒரு முள்ளங்கி இசக்கியின் வெள்ளைச் சட்டையில் வந்து விழுந்தது. அடுத்தது அண்ணனின் மீசையில். "அட பாவிங்களா! பட்டாளத்துக்காரன் வீட்டுக்கு மாலையோட வருவீங்களாடா? மூளையை எங்கடா அடமானம் வெச்சீங்க?" தெலுங்கு, தமிழ், நடுவில் கன்னடம் என்று மூணு பாஷையிலும் திட்டினாய். திட்டி முடித்துவிட்டு அழுதாய். இசக்கி, சிரிக்காதே. அன்றைக்கு நீயும்தான் அழுதாய், நான் பார்த்தேன்.

அப்புறம் என்னிடம் வந்தாய். "உன் புருஷனும் பட்டாளத்துலயா? இவனுங்க இப்படி உன் வாசலுக்கு வந்தா என்னாடி பண்ணுவே?" நீ தோளில் இருந்த துண்டால் முகத்தைத் துடைத்தாய். ஒயர் கூடையை எடுத்து அதில் ஒரு கட்டு முள்ளங்கியை வைத்து, இலை வெளியே தெரிகிற மாதிரி சரி செய்து, அண்ணன் கையில் கொடுத்தாய். "இனிமே எந்தப் பட்டாளத்து வீட்டுக்குப் போனாலும் ஒரு ஆளாப் போங்க. கையில இது இருக்கணும். எழவுச் சேதி சொல்ல வர்றவன் காய்கறி தூக்கிட்டு வரமாட்டான். தெரு முனையில பார்த்ததுமே வீட்ல இருக்கிறவ மூச்சு விடணும்."

இதுதான் முள்ளங்கிக் கதை. மாலையைப் பிள்ளையாருக்குப் போட்டோம். நீ விழாவுக்கு வந்து சால்வையும் வாங்கிக்கொண்டாய், டிபனும் சாப்பிட்டாய், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே குழுவில் சேர்ந்துவிட்டாய்.

அதிலிருந்து அதுவே சட்டமாகிப் போனது. பட்டாளத்திலிருந்து யாருக்காவது சேதி வந்தால் முனுசாமி அண்ணனின் கேட் போனுக்குத்தான் வரும். சொந்தமாகப் போன் இல்லாத எங்கள் எல்லாருக்கும் அதுதான் பி.பி. நம்பர். லீவு கிடைத்தது, கிடைக்கவில்லை, ஊர் மாற்றினார்கள், காய்ச்சல் தேவலை, எதுவானாலும் ஒரு ஆள் சைக்கிளில் கூடையை மாட்டிக்கொண்டு கிளம்புவான். வாசலுக்கு வந்ததும் "பாகுன்னாடு!" என்று சத்தம் போடுவான். நல்லா இருக்கான் என்று அர்த்தம். உன் வாயிலிருந்து வந்த சொல் அது. இசக்கி அதைத் திருநெல்வேலித் தெலுங்கில் இழுத்துச் சொல்லும்போது நீ தலையில் அடித்துக்கொள்வாய். ஆனாலும் கூடை வரும், கூடவே முள்ளங்கியும் வரும். மூக்கண்டப்பள்ளியில் எங்கள் லைன் வீடுகள் முழுக்க முள்ளங்கிச் சாம்பார் வாடைதான். "வேற காயே உனக்கு விளையாதா அக்கா?" என்று நான் கேட்டதற்கு, "கத்திரிக்காய் கூடைக்குள்ள ஒளிஞ்சுக்கும்டி, இது ஒளியாது" என்றாய்.

ஒருநாள் இசக்கி கேட்டான். "யக்கா, நல்ல சேதிக்கெல்லாம் கூடை சரி. நெசமாவே ஒண்ணு ஆயிருச்சுன்னா என்ன செய்யதுக்கு?" நீ கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாய். "அன்னிக்கு வெறுங்கையோட நான் போறேன். ஆம்பளைங்க யாரும் வர வேணாம்."

அந்த வேலையை வேறு யாரும் கேட்டு வாங்கவில்லை. யார் கேட்பார்கள்?

என் நாள் வந்தது. நீ இதைப் பேச விடமாட்டாய், ஆனால் இன்றைக்கு உன்னால் என் வாயை மூட முடியாது. ஒரு மத்தியான நேரம், நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். தெரு முனையில் முள்ளங்கி இலை தெரிந்தது. தூக்கி வந்தது நீ. வேலை நாளில் வருகிறாளே என்று ஒரு நிமிஷம் தோன்றியது, ஆனால் கூடை இருக்கிறதே, எனக்கென்ன? உள்ளே போய் டீக்குப் பால் வைத்தேன். நீ உட்கார்ந்தாய். என்னை டீ குடிக்க வைத்தாய். கடைசி வாய் வரைக்கும் காத்திருந்துவிட்டு என் கையைப் பிடித்தாய். "செல்வத்துக்குக் கால் போச்சுடி. மிதிவெடி. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. ஆள் இருக்கான். பேசறான்."

நான் கூடையைத் தூக்கித் தெருவில் வீசினேன். முள்ளங்கி எல்லாம் எதிர் வீட்டு மொபெட்டுக்கு அடியில் உருண்டு போனது. பொய்க்காரி, கூடையை வைத்துக்கொண்டு என்னை ஏமாற்றிவிட்டாயே என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். நீ தெருவில் குனிந்து ஒவ்வொரு முள்ளங்கியாகப் பொறுக்கினாய். கழுவினாய். என் வீட்டு அருவாமனையில் நறுக்கினாய். "ஆள் உசுரோட இருந்தா கூடை வரும். அதுக்கு மேல கூடைக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது" என்றாய். அன்றைக்கு ராத்திரிச் சோறு உன் கையால்தான். அப்புறம் என் கூடவே தங்கினாய், என் தம்பி ஊரிலிருந்து வருகிற வரைக்கும்.

செல்வம் புதுக் கால் பொருத்திக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகு ஒன்று சொன்னார். உனக்கு இது தெரியாது, உன்னிடம் சொல்ல அவர் கூச்சப்பட்டார். ஆஸ்பத்திரியில் முழிப்பு வந்ததும் அவருக்குக் காலைப் பற்றி நினைப்பு வரவில்லையாம். "நம்ம ஆளுங்க பதட்டத்துல கூடையை மறந்துட்டு வெறுங்கையோட போயிட்டா அவ அங்கேயே செத்துடுவாளேன்னுதான் பயந்தேன்" என்றார். நான் எழுதிய கடிதங்களில் முள்ளங்கிக் கதையை எல்லாம் அவருக்குச் சொல்லியிருந்தேன். நான் அதைக் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றேன். உன்னைத் திட்டியதற்கு என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். அவர் இப்போது வீட்டிலேயே மிக்சி ரிப்பேர் பார்க்கிறார். நல்லா இருக்கார் அக்கா. பாகுன்னாடு.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்.

நீ களை எடுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் போன் பண்ணினார். நாங்கள் ஆட்டோ பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாகராஜ் எங்கேயோ பனிமலை மேல் இருந்தான். கீழே இறங்கவே நாள் பிடிக்கும், அப்புறம் ரயில். "அவன் வர்ற வரைக்கும் என்னை ஐஸ் பெட்டியில போட்டு வெக்காதீங்க, எனக்குக் குளிர் ஆகாது" என்று எப்பவோ விளையாட்டாகச் சொல்லியிருந்தாயே, அந்தப் பேச்சைத்தான் கேட்டோம். உன் தம்பி மகன் மண் போட்டான். முள்ளங்கிப் பாத்தியை ஒட்டிய மூலையில் உன்னை வைத்தோம். சரிதானே?

நாகராஜின் யூனிட்டுக்கு முனுசாமி அண்ணன் தந்தி அடித்தார். அம்மா சீரியஸ், உடனே புறப்படு. போய்விட்டாள் என்று அடிக்கவில்லை. நான் சண்டைக்குப் போனேன். அண்ணன் பொறுமையாகச் சொன்னார். "பட்டாளத்துல அப்படித்தாம்மா அடிப்பாங்க. செத்துட்டாங்கன்னு சொன்னா பையன் அத்தனை தூரம் தனியா எப்படி வருவான்? என் அப்பாவுக்கும் எனக்கு அப்படித்தான் வந்துச்சு." உங்களுக்கு அப்போது நம்பிக்கை இருந்ததா என்று கேட்டேன். "வீட்டு வாசல்ல செருப்புங்களைப் பார்க்கிற வரைக்கும் இருந்துச்சு" என்றார். அவர் அப்பாவைப் பற்றி அதற்கு முன் ஒரு வார்த்தை பேசினதில்லை.

அவன் பெங்களூருவில் இறங்கி ஓசூருக்குப் பஸ் ஏறுகிறான் என்று தகவல் வந்தது. யார் போவது? வெறுங்கையோடு போகிறேன் என்று சொல்லி வைத்திருந்தவள் நீ. உன் சேதியை யார் கொண்டுபோவது? எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் கூட்டம் கூடியது. அண்ணன், நான் பட்டாளத்துக்காரன், நான் போகிறேன் என்றார். இசக்கி கண்ணெல்லாம் சிவந்து நின்றான். "யக்கா, ரயில்ல என்னத்தத் தின்னானோ பாவம். கூடையோடயே போயி வீட்டுக்குக் கூட்டியாருவோம். ஒரு வாய் சோறு தின்னட்டும், பொறவு சொல்லுவோம்." ரெண்டு மூணு பேர் அதுதான் சரி என்றார்கள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது அக்கா, பொய் சொல்லவில்லை. அந்தப் பையன் முகத்தில் இன்னும் அரை மணி நேரம் அம்மா உயிரோடு இருக்கட்டுமே என்று.

ஆனால் அந்தக் கூடை ஒரே ஒரு தடவை பொய் சொல்லிவிட்டால்? அப்புறம் எந்த வாசலில் எந்தப் பெண் அதைப் பார்த்து மூச்சு விடுவாள்? நான் முடியாது என்றேன். செல்வம் ஓரமாக மிக்சி பார்த்துக்கொண்டிருந்தார். மிக்சி மூடியைக் கீழே வைத்துவிட்டு, "புவனா போகட்டும். வெறுங்கையோட போகட்டும்" என்றார்.

காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பர்ஸைக் கூட எடுக்கவில்லை, பஸ்ஸுக்கு வேண்டிய சில்லறையை முந்தானையில் முடிந்துகொண்டேன். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம், பெங்களூரு பஸ்ஸுக்கு ஓடுகிற கூட்டம். எனக்கு இந்த ரெண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கட்டிக்கொண்டால் மறைக்கிற மாதிரி இருந்தது. தொங்க விட்டுக்கொண்டு நின்றேன். வாசலில் பூ விற்கிற அம்மா என்னைப் பார்த்து, "என்னம்மா, இன்னிக்குக் கூடை இல்லாம?" என்று கேட்டாள். அவளுக்குக் கூடத் தெரிந்திருக்கிறது.

நாகராஜ் இறங்கினான். கறுத்து, இளைத்து, பெரிய பச்சைப் பையோடு. என் முகத்தை அவன் பார்க்கவே இல்லை அக்கா. என் கையைத்தான் பார்த்தான். அப்புறம் எனக்குப் பின்னால் பார்த்தான், வேறு யாராவது கூடையை வைத்துக்கொண்டு நிற்கிறார்களா என்று. மறுபடி என் கையைப் பார்த்தான். பையைக் கீழே வைத்தான்.

"எப்புடு?" என்றான்.

உன் குரல் அக்கா. அந்தப் பாத்தியில் கேட்ட அதே குரல். இந்தத் தடவை எனக்கு நிஜமான பதில் சொல்ல வேண்டியிருந்தது. "வியாழக்கிழமை மத்தியானம். தோட்டத்துல. வலின்னு ரொம்ப நேரம் கஷ்டப்படல." அவன் அந்தப் பையின் மேலேயே உட்கார்ந்தான். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஜனங்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன், வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு? "கூடையோட நின்னு ஏமாத்திடுவீங்களோன்னு வழியெல்லாம் பயந்துட்டே வந்தேன்க்கா" என்றான். அப்புறம்தான் அழுதான். நானும் சேர்ந்து அழுதேன், வெட்கம் பார்க்காமல்.

லீவு முடிகிற வரைக்கும் எங்கள் வீட்டில்தான் இருந்தான். பகலில் உன் தோட்டத்துக்குப் போய்விடுவான். நிலத்தைப் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கே குத்தகைக்கு விட்டுவிட்டான். அவர் ரோஜா போடப்போகிறார், பிளாஸ்டிக் கூடாரம் எல்லாம் வந்து இறங்கிவிட்டது. பயப்படாதே, உன் பக்கத்துப் பாத்தியைத் தொடக் கூடாது என்று பேசிவிட்டுத்தான் கொடுத்தான். அதில் முள்ளங்கி மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை நான் தளி பஸ் பிடித்து வந்து பிடுங்குகிறேனே, அது உனக்குக் கேட்கிறதா? கண்டக்டர் இப்போதும் கூடைக்கு இடம் இல்லை என்று முணுமுணுக்கிறார்.

கிளம்புகிற நாளில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே ஒன்று சொன்னான் உன் பிள்ளை. "இனிமே எனக்காக யாரும் கூடை தூக்க வேணாம்க்கா. தூக்கிட்டுப் போறதுக்கு வீடு எங்க இருக்கு?"

எனக்கு வந்ததே கோபம்! "ஏன்டா, நான் செத்துட்டேனா?" என்று கத்திவிட்டேன். "என் வீட்டுக்கு வரட்டும். உன் சேதி எதுவானாலும் என் வாசலுக்குத்தான் வரணும். போய் உன் ஆபீசர்கிட்ட என் பேரைக் கொடு." அவன் செல்வத்தைப் பார்த்தான். செல்வம், "எனக்காகப் பயந்தது அவளுக்குப் பத்தலையாம், எழுதிக்கோ" என்றார். மூணு பேரும் சிரித்துவிட்டோம். அவன் யூனிட்டில் இப்போது உன் பேர் இருந்த இடத்தில் என் பேர்.

சொல்லிவிட்டேன், ஆனால் சொன்ன அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. நான் தப்பித்து வந்தவள் அக்கா. செல்வம் ஒற்றைக் காலோடு வந்தாலும் வீட்டோடு இருக்கிறார். எத்தனையோ வருஷம் கழித்துத் தெரு முனையைப் பார்க்காமல் துணி உலர்த்தப் பழகியிருந்தேன். இப்போது மறுபடியும் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. சைக்கிள் மணி கேட்டால் கை வேலையை அப்படியே விட்டுவிடுகிறேன். டிவியில் எல்லை என்று சொன்னால் சத்தத்தைக் குறைக்கவும் தோன்றுகிறது, கூட்டவும் தோன்றுகிறது. நீ எத்தனை வருஷம் இதை வைத்துக்கொண்டு, எங்கள் எல்லாரையும் திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாய்? ஒரு வார்த்தை சொன்னதில்லையே.

குழுவில் புதுசாக வந்த பிள்ளைகள், இப்போதுதான் செல்போன் வந்துவிட்டதே, ஒரு போன் அடித்துச் சொன்னால் ஆகாதா, எதற்கு இந்தக் கூடை என்கிறார்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது, செல்வம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் போன் அடிக்கும்போது என்ன சேதி என்று மணியில் தெரியாதே. எடுத்துக் காதில் வைக்கிற வரைக்கும் உயிர் போய் உயிர் வருகிறது. முள்ளங்கி இலை தெரு முனையிலேயே சொல்லிவிடும். வேண்டுமானால் ரெண்டும் இருக்கட்டும், கூடையை மட்டும் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீ இருந்திருந்தால் இதையே திட்டிச் சொல்லியிருப்பாய்.

போன வாரம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நாகராஜ் இருக்கிற பக்கம் பனிச்சரிவு என்று டிவியில் சொன்னார்கள். யார், எந்த யூனிட், ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் கேட்டில் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் சமைத்தேன், சாப்பிட்டேன், துணி துவைத்தேன். செல்வம் ஒரே மிக்சியைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டினார்.

சாயங்காலம் தெரு முனையில் சைக்கிள் மணி. வாசலுக்கு ஓடினேன். முனுசாமி அண்ணன்தான். முன்னால் ஒரு டெம்போ நின்று மறைத்தது. அவர் தலை தெரிகிறது, கூடை மாட்டுகிற ஹேண்டில் தெரியவில்லை. அண்ணனுக்கு வயசாகிவிட்டதா, மெதுவாக மிதிக்கிறார். அக்கா, அந்த டெம்போவைத் தாண்டுகிற நேரத்தில் நான் கும்பிட்டது எந்தச் சாமியை என்று எனக்கே தெரியாது. உன்னைத்தான் கும்பிட்டிருப்பேன்.

இலை தெரிந்தது.

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் கிட்டே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "பாகுன்னாடும்மா, பாகுன்னாடு" என்றார். அவரும் அழுதார். கீழ் கேம்ப்பிலிருந்து நாகராஜே பேசினானாம். "சின்னம்மாகிட்ட சொல்லுங்க, கூடையோட போங்க" என்று சொன்னானாம். அதுவரைக்கும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அன்றைக்குத்தான் முதல் தடவை சின்னம்மா. கூடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சாம்பார் வைத்தேன், வேறு என்ன வைக்கப்போகிறேன்? அண்ணனும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

ஆகவே உன் பிள்ளையைப் பற்றி நீ கவலைப்படாதே. உன் இடத்தில் நான் நிற்கிறேன் என்று பெரிய பேச்சுப் பேசமாட்டேன், உன் இடத்தில் நிற்க எனக்கு வாய் பத்தாது. ஆனால் அவன் ஓய்வு பெற்று, பெட்டியோடு இந்த வாசலில் வந்து நிற்கிற வரைக்கும் நான் தெரு முனையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குழுவில் எந்த வீட்டுக்காவது கூடை இல்லாமல் போக வேண்டிய நாள் வந்தால், ஆம்பளைகளை அனுப்பமாட்டேன், நானே போவேன். என் வாசலுக்கே ஒருநாள் யாராவது வெறுங்கையோடு வந்தாலும், கதவைச் சாத்திக்கொள்ளாமல் எழுந்து நின்று கேட்பேன். இது உன் பாத்தி மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உன் மகன் வாயால் சின்னம்மா என்று பேர் வாங்கிவிட்ட
உன் தங்கச்சி புவனா